மூக்குக்காரி சங்கமித்ரா

முகத்துக்குப் பூசுகிற கிரீமைப் பற்றிப் பேச ஊரே இருக்கிறது. அது அடைத்து வரும் டப்பாவைப் பற்றிப் பேச ஆளில்லை. பேச வேண்டும். டப்பா சும்மா இருக்காது. சூட்டில் கிடந்தால் தன்னிடம் உள்ளதை உள்ளே இருக்கும் கிரீமுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். என்ன கொடுக்கிறது என்று கண்டுபிடிக்கப் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சோதனைச்சாலை இருக்கிறது. அங்கே பெரிய மெஷின்கள் நாலு. மனித மூக்குகள் ஐந்து. அந்த ஐந்தில் ஒன்று சங்கமித்ராவுடையது.

வயது நாற்பத்தாறு. ஸ்ரீராம்புரத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறாள். காலையில் மெட்ரோ பிடித்துப் பீன்யாவில் இறங்குவாள். டப்பாக்களில் கிரீமை நிரப்பி, நாற்பது டிகிரி சூட்டு அலமாரியில் பத்து நாள் வைத்து எடுப்பார்கள். மூடியைத் திறந்து முகர்ந்து, வேற்று வாடை உண்டா இல்லையா என்று ஐந்து பேரும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக் கூடாது. இந்த ஐந்து பேர் குழுவுக்குப் பேனல் என்று பெயர்.

அந்த மூக்குக்காக அவள் பூவை விட்டாள். பவுடரை விட்டாள். வாசனைச் சோப்பு, ஊதுபத்தி, தலைக்கு எண்ணெய் எல்லாம் போயிற்று. மதியச் சாப்பாட்டில் பூண்டு கிடையாது. மெட்ரோவில் சென்ட் போட்டவர் பக்கத்தில் வந்தால் எழுந்து போய்விடுவாள். எழுந்து போகிறவளைத் திமிர் பிடித்தவள் என்றுதான் ஜனம் நினைக்கும். நினைத்தது. தெருவில் அவளுக்கு மூக்குக்காரி என்று பெயர்.

மூக்கு விஷயத்தில் அவளுக்கு வேறொரு கணக்கும் உண்டு. அப்பா மதலைமுத்து கார்ப்பரேஷனில் சாக்கடைக்குள் இறங்கும் வேலை செய்த ஆள். பள்ளிக்கூடத்தில் இவள் உட்கார்ந்தால் பெஞ்சில் இருக்கிற பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அப்பா வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே ஃபினைல் தண்ணீரில் கைகாலைக் கழுவிய பிறகுதான் மகளைத் தொடுவார். அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ஃபினைல் என்றால் அவளுக்கு அப்பா.

சமீபத்தில் வந்த டப்பா குழந்தைகள் கிரீமுக்கானது. பூராவும் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தது. பூமிக்கு நல்லது என்று மேலே பச்சை இலை வேறு போட்டிருந்தது. நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் பழைய பிளாஸ்டிக் முன்பு எதை வைத்திருந்தது என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா? மெஷின்கள் ஒன்றும் இல்லை என்றன. நாலு மூக்குகளும் இல்லை என்றன. சங்கமித்ரா முகர்ந்தாள். ஃபினைல்.

மேனேஜர் அச்யுத் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். முப்பது வயது. கெட்டவன் இல்லை, அவசரக்காரன்.

"மேடம், நாலு பேர் இல்லைங்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் ஃபினைல்ங்கறீங்க. போன மாசம் ஜுரம்னு லீவு போட்டீங்களே, மூக்கு சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் சார் இருக்கு."

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள ஷீட்ல கையெழுத்துப் போடுங்க. உண்டுன்னு எழுதிட்டு அப்புறம் தப்புன்னு ஆச்சுன்னா பேனல்லேர்ந்து எடுத்துருவாங்க. ஸ்வல்ப, கொஞ்சம் யோசிங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் சொன்னது முழு உண்மை இல்லை. ஜுரத்தில் பன்னிரண்டு நாள் அவளுக்கு வாசனையே தெரியவில்லை. காபி வெந்நீர் மாதிரி இருந்தது. பிறகு மூக்கு திரும்பி வந்தபோது கோணலாக வந்தது. ஒரு வாரம் பச்சைத் தண்ணீரில்கூடக் கருகல் வாடை அடித்தது. அந்த நாட்களில் பேனல் வேலை இல்லாததால் தப்பித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருக்கிறார்கள்?

இப்போது அந்தப் பயம்தான். வாடை டப்பாவில் இருக்கிறதா, தன் தலைக்குள் இருக்கிறதா? இல்லை என்று எழுதினால் பிள்ளைகள் உடம்பில் என்ன போகுமோ. உண்டு என்று எழுதி மூக்கு பொய்யாகிப்போனால் இருபது வருட வேலை போகும். அதைவிட்டால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மூன்று டம்ளரில் தண்ணீர் வைத்தாள். சோதனைச்சாலையில் சந்தேகம் வந்தால் செய்வது இதுதான். மூன்றில் இரண்டு ஒன்றுபோல, ஒன்று மட்டும் வேறு. அந்த வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். துடைப்பக் குச்சியை ஃபினைலில் தொட்டு ஒரு டம்ளரில் கலக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு டம்ளர்களை இடம் மாற்றினாள். பிரயோஜனமில்லை. எது எங்கே போனது என்று கைக்குத் தெரிகிறது. கைக்குத் தெரிந்தது மூக்குக்கும் தெரிந்துவிடுகிறது. இந்தப் பரீட்சையைத் தனி ஆள் எழுத முடியாது. வைக்க ஒருவர் வேண்டும்.

கீழ் வீட்டில் மங்களம் இருந்தாள். பிளவுஸ் தைக்கிறவள். எட்டு வருடம் முன்பு தன் மகள் விசேஷத்தில் ஒரு முழம் மல்லி நீட்டினாள். சங்கமித்ரா "வேணாங்க" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. அதன் பிறகு தண்ணி மோட்டார் போட்டாச்சா, போட்டாச்சு. அவ்வளவுதான்.

சங்கமித்ரா டம்ளர்களோடும் ஃபினைல் பாட்டிலோடும் கீழே இறங்கிக் கதவைத் தட்டினாள்.

மங்களம் ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா? பூவும் வாணாம், பொட்டும் வாணாம். இப்ப இன்னா வேணுமாம்?"

"அக்கா, ஒரு உதவி. நான் கண்ணைக் கட்டிக்கிறேன். நீங்க ஒரு டம்ளர்ல மட்டும் இந்தக் குச்சிய ஃபினைல்ல தொட்டுக் கலக்குங்க. எதுன்னு நான் சொல்லணும்."

"அய்யே, இன்னா வெளயாட்டு இது? பேய் கீய் புடிச்சுக்கிச்சா?"

"வேலைக்கா. வேலை போயிரும் போலருக்கு."

மங்களம் தையல் மெஷினை நிறுத்தினாள். "உள்ள வா."

துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு சங்கமித்ரா உட்கார்ந்தாள். முதல் தடவை இரண்டாவது டம்ளர் என்றாள். சரி. அடுத்தது முதலாவது. சரி. டம்ளர்களைக் கழுவிக் கழுவி வைத்து நாலு தடவை நடந்தது. நாலும் சரி.

ஐந்தாவது தடவை முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். 

"சொல்லுடி, எது?"

"தெரியலக்கா. மூணும் ஒண்ணு போலத்தான் இருக்கு. எதுலயும் இல்ல." குரல் இறங்கிவிட்டது. "போச்சுக்கா. மூக்கு போச்சு."

மங்களம் விழுந்து விழுந்து சிரித்தாள். "எதுலயும் கலக்கலடி! சும்மா உன்ன ஏமாத்திப் பாக்கலாம்னு வெறுந் தண்ணி வெச்சேன்."

சங்கமித்ரா கட்டை அவிழ்த்தாள். கண் நனைந்திருந்தது.

"ஏய், இன்னா அழுவுற? தமாசுக்குப் பண்ணேன்டி."

"இல்லக்கா. இதத்தான் நான் கேட்டிருக்கணும். எனக்குத் தோணல."

வாடை இல்லாத இடத்தில் அவள் மூக்கும் வாடை இல்லை என்றுதான் சொன்னது. அப்படியானால் டப்பாவில் இருப்பது இருப்பதுதான். அப்பா நினைப்பும் இல்லை, ஜுரத்தின் மிச்சமும் இல்லை.

அன்றைக்குத்தான் பூ சமாச்சாரத்தையும் சொன்னாள். மங்களம் முகவாயில் கை வைத்துக்கொண்டாள். "இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடி? எங்க கைப் பூ ஆவாதுன்னு நெனச்சேன், எட்டு வருஷமா."

மறுநாள் பத்து மணிக்கு முன்பே தாளில் எழுதினாள்: ஃபினைல் வாடை உண்டு. லேசாக. நிச்சயம். கையெழுத்து. ஜுரத்தைப் பற்றியும் அச்யுத்திடம் ஒளிக்காமல் சொன்னாள். அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு மறுசோதனைக்கு எழுதினான்.

அவளால் எல்லாருக்கும் சனிக்கிழமை வேலை வந்தது. கேன்டீனில் ஒருவரும் அவள் மேஜைக்கு வரவில்லை. சனிக்கிழமை அச்யுத்தே அந்த டப்பாவை வேறு டப்பாக்களோடு கலந்து நம்பர் ஒட்டி வைத்தான். ஆறு தடவை வைத்தான், ஆறு தடவையும் அவள் சரியாக எடுத்தாள். அதன் பிறகு மெஷினை வேறு விதமாக ஓட்டினார்கள், அதிலும் வந்தது. ஃபினைல் அடைத்த பழைய கேன்களைப் பிரிக்காமல் உருக்கியிருக்கிறார்கள். டப்பாக்கள் திரும்பிப் போயின.  நம்பர் ஒட்டிய தாள்களை அவளே கூட்டிக் குப்பையில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மங்களம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு மாடி ஏறி வந்தாள். வெள்ளிக்கிழமை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருந்த மல்லி.

"இன்னிக்கு மூக்குக்கு லீவுதானே? வெச்சுக்க."

சங்கமித்ரா முகர்ந்தாள். "அக்கா, இது மாங்கா ஊறுகா டப்பாவா?"

"மூணு தடவ கழுவினேன்டி! போடி மூக்குக்காரி."

மங்களத்தின் மகளும் மருமகனும் சாப்பிட வருகிறார்கள். அவள் கீழே போய்விட்டாள். சங்கமித்ரா பூவை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். பார்க்க ஆளில்லை. மல்லியும் மாங்காயும் சேர்ந்து அறை முழுக்க மணத்தது. திங்கட்கிழமைக்குள் தலைக்குக் குளித்து இதைப் போக்கியாக வேண்டும். சாயங்காலம் குளித்தால் போதும் என்று முடிவு செய்து ஜன்னலைச் சாத்தினாள்.