மூன்றாம் நாட்டுக்காரன் தீர்ப்பு

வளைகுடாவில் மங்காஃப் தொழிலாளர் கேம்ப்பில் சாரம் கட்டும் ரெங்கராஜுக்குச் சமாதானம் என்றால் உயிர். "ரெண்டு பக்கமும் கூலிக்காரன். நமக்குள்ள என்னய்யா சண்டை?" என்பார். நம் ஆளுக்கும் பாகிஸ்தானிக்கும் தகராறு வந்தால் மூன்றாம் நாட்டுக்காரன் ஒருவன் தீர்ப்புச் சொல்ல வேண்டும், பிறகு இரு தரப்பும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். அதற்கு முதலில் தலையாட்டிய பாகிஸ்தானி, வெல்டர் குல்ஜமான். அவரை நம்பித்தான் மற்ற பாகிஸ்தானிகளும் ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டாயிரத்து இரண்டில் இரு நாட்டுப் படைகளும் எல்லையில் முறைத்துக்கொண்டு நின்றன. மெஸ்ஸில் டிவி செய்தி ஓடினாலே யாராவது சட்டையை மடித்துக்கொண்டு எழுந்தார்கள். ரெங்கராஜ் பார்த்தார். ஆள் இல்லாத நேரமாகப் போய்க் கேபிள் வயரை நறுக்கிவிட்டார். செய்தி நின்றால் சண்டையும் நின்றுவிடும் என்று கணக்குப் போட்ட மகா புத்திசாலி அவர்.

பழி குல்ஜமான் தலையில் விழுந்தது. "இந்தச் சனியனை ஒருநாள் அறுத்து எறியப் போறேன்" என்று முந்தின நாள்தான் எல்லார் முன்னாலும் கத்தியிருந்தார் மனிதர்.

சூடான்காரரான ஸ்டோர்கீப்பர் ஈசா தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தார். "அறுத்ததை யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டார். ரெங்கராஜ் வாயைத் திறக்கவில்லை. சமாதானம் பேசுகிறவனே குற்றவாளி என்று தெரிந்தால் இந்த வழக்கத்தை எவன் மதிப்பான் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டார். உண்மையில் அது மானம் போய்விடுமே என்ற பயம், வேறொன்றுமில்லை.

"குல்ஜமான் எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்கணும். கலாஸ், அவ்வளவுதான்," என்றார் ஈசா.

ஐம்பது வயது மனிதர் மேஜை மேஜையாகப் போய்க் கைகூப்பினார். நம் ஆட்களில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பிறகு தட்டு வந்தது. இந்தியர் சார்பில் குல்ஜமானோடு உட்கார வேண்டியவர் ரெங்கராஜ்.

"பாய், வயரை அறுத்தது நான்தான்," என்று அரைகுறை இந்தியில் முணுமுணுத்தார்.

குல்ஜமான் நிமிரவில்லை. "தெரியும். ஜன்னல் வழியாப் பார்த்தேன்."

"பிறகு ஏன் சொல்லலை?"

"சொன்னா எங்க ஆளுங்க எவனும் இனிமே இந்தத் தட்டுல கை வைக்கமாட்டான். நீயே சொல்லுவேன்னு பார்த்தேன்."

"இப்பச் சொல்றேன்," என்று ரெங்கராஜ் எழப்போனார்.

குல்ஜமான் அவர் கையைப் பிடித்தார். "மன்னிப்புக் கேட்டு முடிச்சாச்சு. விடு, சாப்பிடு."

அந்தப் பிடி அப்படியொன்றும் பலமாக இல்லை. உதறிவிட்டு எழுந்திருக்கலாம். ரெங்கராஜ் உட்கார்ந்துவிட்டார்.