மூன்றாம் பகுதியைப் பாடிய சதாசிவன்

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு வகுப்புகளுக்கு இடையில், தொலைபேசி வந்திருப்பதாக அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். பேசியவர் மிஷேல், சதாசிவன் ஆறுமுகத்தின் இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவர். "மிஸ்யே, சதா இன் ஆலே" என்றார். மொரீசியஸில் ஆசிரியரை மிஸ்யே என்றுதான் அழைப்பார்கள். மற்றதற்குப் பொருள், சதா போய்விட்டார். இறந்தவரைப் போய்விட்டார் என்று சொல்லும் வழக்கம் இங்கே எல்லோரும் பேசும் கிரியோலிலும் உண்டு, தமிழிலும் உண்டு. இரண்டிலும் அறிந்திருந்தும் நான் "எங்கே?" என்று கேட்டேன்.

மிஷேல், ஆலையில், காலைப் பணியில், பரிசோதனை மேசைக்குப் பக்கத்தில், மாரடைப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். எதற்கு என்று தெரியவில்லை. வகுப்புக்குத் திரும்பிப் பாடத்தை நடத்தி முடித்தேன். மாணவர்கள் என்னிடம் எந்த மாற்றத்தையும் கவனிக்கவில்லை. மாற்றம் எதுவும் இருந்ததா என்று எனக்கும் தெரியவில்லை.

தகனம் முடிந்து மறுநாள் இதை எழுதுகிறேன். துக்கம் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அது வரும்வரை, அவரை அறியாதவர்களுக்கு அவர் யார் என்று சொல்லி வைக்கலாம்.

சதாசிவன் அவர்கள் வக்குவா என்னும் ஊரில் ஒரு பின்னலாடை ஆலையில் தரப் பரிசோதனை மேற்பார்வையாளர். கம்பளிச் சட்டை போடவே தேவையில்லாத ஒரு தீவு, ஐரோப்பா முழுவதற்கும் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு சட்டையையும் விளக்குக்கு முன்னால் பிடித்து, நழுவிய கண்ணி இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. சட்டை வாங்க வந்த ஜெர்மானியர் ஒருவர் கிளம்பும்போது அவருக்கு ஒரு கேசட் கொடுத்துவிட்டுப் போனார். பவர் மெட்டல் என்னும் இசை அப்படித்தான் வக்குவாவுக்கு வந்தது.

அந்த இசையைக் கேளாதவர்களுக்காக ஒரு விளக்கம். இரண்டு கிட்டார்கள் குதிரைகளைப் போல ஓடும். தேவையானதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் டிரம் அடிப்பார்கள். அதற்கு மேலே ஓர் ஆண், பெண்களே ஏறத் தயங்கும் உச்சத்தில் நின்றுகொண்டு, என்றோ முடிந்துபோன ஒரு போரைப் பற்றிப் பாடுவார். பாடுகிறவர்கள் பெரும்பாலும் சண்டைக்கே போகாத, நன்றாகச் சாப்பிடுகிற இளைஞர்கள். சதாசிவன் அவர்கள் அந்தக் கேசட்டைக் கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "நம்ம தீவுலயும் ஒரு போர் நடந்திருக்கே, அதை யார் பாடுறாங்க?"

நடந்தது உண்மைதான். 1810 ஆகஸ்டில் கிராண்ட் போர்ட் விரிகுடாவில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரின் கப்பல்களைத் தோற்கடித்தார்கள். நவம்பர் கடைசியில் ஆங்கிலேயர்கள் பெரும்படையோடு வந்து, டிசம்பரில் தீவையே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படையில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். வடக்குக் கடற்கரையில் இறங்கி, வெயிலில், தண்ணீர் இல்லாமல், காட்டு வழியாகத் தலைநகரை நோக்கி நடந்தவர்கள். சதாசிவன் அவர்கள் மூன்று பகுதிகளாக ஒரு பாட்டு எழுதினார். முதல் பகுதி பிரெஞ்சில், பிரெஞ்சு வெற்றி. இரண்டாம் பகுதி ஆங்கிலத்தில், ஆங்கில வெற்றி. மூன்றாம் பகுதி சிப்பாய்களுக்கு. அது தமிழில்தான் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது மட்டுமே தடை.

அதற்காகத்தான் மோகாவில் என் வீட்டைத் தேடி வந்தார். நான் தமிழ்நாட்டிலிருந்து தமிழ் கற்பிக்க வந்தவன். நாங்கள் பேசியது ஆங்கிலமும் அவருடைய கிரியோலும் என்னுடைய அரைகுறைக் கிரியோலும். அதையெல்லாம் என் ஊர்த் தமிழில் தருகிறேன். நான் எதுகை மோனையோடு எழுதிக் கொடுத்ததை அவர் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நல்லா இருக்கு மிஸ்யே. ஆனா இது என் அம்மாவுக்குப் புரியாது."

"உங்கள் அம்மாவுக்குத் தமிழ் புரியுமா?"

"புரியாது. ஆனா கோயில்ல கேக்குற தமிழ் புரியாட்டியும் சொந்தமா இருக்கும். இது புரியாம அந்நியமா இருக்கு."

ஆகவே கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து எழுதுவது என்று முடிவாயிற்று. துப்பாக்கி முனைக் கத்திக்கு என்ன சொல் என்று யோசித்தேன். "வேல்னு போடுங்க, வேல் எல்லாருக்கும் தெரியும்" என்றார். நடக்கும்போது படை சேர்ந்து குரல் கொடுக்க ஒரு சொல் வேண்டும் என்றேன். "அரோகரா இருக்கே" என்றார். கடைசியில் இப்படி வந்தது:

கடல் தாண்டி வந்தோம், அரோகரா
கால் சுட நடந்தோம், அரோகரா
தண்ணீர் இல்லை, அரோகரா
பேரும் இல்லை ஐயா, அரோகரா

கடைசி வரி அவர் கேட்டு வாங்கியது. தனக்குக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் அவர் பார்த்திருந்தார். தளபதிகளின் பெயர் இருந்தது, கப்பல்களின் பெயர் இருந்தது. அந்தச் சிப்பாய்கள் எண்ணிக்கையாக மட்டும் இருந்தார்கள். "பாட்டு முடிஞ்சதும் ஒருத்தராவது வந்து, யாரு அவங்க, பேரு என்னன்னு கேக்கணும் மிஸ்யே. தெரியாதுன்னு சொல்லணும். அவ்வளவுதான் எனக்கு" என்றார். ஓர் இசைக்குழுவின் இலட்சியம் இவ்வளவு சிறியதாக இருந்து நான் பார்த்ததில்லை. நிறைவேற எளிது என்றும் நினைத்தேன்.

குழு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலையின் ஜெனரேட்டர் அறையில் பயிற்சி செய்தது. ஜெனரேட்டர் ஓடும்போது யாரும் புகார் சொல்லவில்லை. ஓடாத நாளில் காவலாளி வந்து, ஜெனரேட்டர் பழுதா என்று கேட்டார்.

முதல் மேடை, வடக்கே மிஷேல் வாரநாட்களில் சேகா என்னும் உள்ளூர் ஆட்டப் பாட்டு வாசிக்கும் ஒரு கடற்கரை ஹோட்டலில், நீச்சல் குளத்தின் ஓரம். சிப்பாய்கள் இறங்கிய அதே பக்கத்துக் கரையில் இப்போது ஐரோப்பியர்கள் படுத்திருந்தார்கள். முதல் பகுதி முடிந்ததும் பிரெஞ்சு மேசைகள் எழுந்து கைதட்டின. கேளிக்கைகளுக்குப் பொறுப்பான மேலாளர் போதும் என்று கைகாட்டினார். ஆங்கிலேய மேசைகள் அதற்கு ஒப்பவில்லை. இரண்டாம் பகுதி பாடப்பட்டது. அவர்களும் கைதட்டினார்கள். இரு நாடுகளும் திருப்தி அடைந்துவிட்டதைக் கண்ட மேலாளர் மேடைக்கு வந்தார்.

"இன்னும் இருக்கா?"

"மூணாவது பகுதி இருக்கு" என்றார் சதாசிவன்.

"அதுல யாரு ஜெயிக்கிறாங்க?"

"யாரும் இல்ல. நடக்குறாங்க."

"யாரு?"

"மதராஸ்காரங்க."

மேலாளர் மேசைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அந்த நாட்டு விருந்தாளி இன்னைக்கு யாரும் இல்லையே" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, ஒலிபெருக்கியை வாங்கி, நண்டு சாலட் தயார் என்று அறிவித்தார். திரும்பி வரும்போது ட்ரியோலே ஊரைத் தாண்டியதும் வேனில் மிஷேல், "நண்டு நல்லா இருந்துச்சு" என்றார். சதாசிவன் அவர்கள்தான் முதலில் சிரித்தார்.

அடுத்தது வக்குவா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சி. கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் நம்மவர்கள். ஆனால் நாள், காவடி விரதத்துக்குள் விழுந்தது. விரதத்தில் இருப்பவர் தோல் பொருள் அணியமாட்டார். இந்த இசையோ தோல் இல்லாமல் நடப்பதில்லை: தோல் சட்டை, தோல் கச்சை, கிட்டாரைத் தோளில் மாட்டும் தோல்வார். சதாசிவன் அவர்கள் விரதத்தையும் விடவில்லை, நிகழ்ச்சியையும் விடவில்லை. காவடிக்கு உடுத்தும் அடர்சிவப்பு வேட்டியில், வெறுங்காலோடு, கிட்டாரை அதே துணியின் ஒரு கிழிசலில் கட்டி மாட்டிக்கொண்டு மேடை ஏறினார். கத்தோலிக்கரான மிஷேலும் தோல் சட்டையைக் கழற்றிவிட்டார். "சைவச் சாப்பாட்டுல மட்டும் சேரமாட்டேன்" என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்.

முதல் இரண்டு பகுதிகளின்போது மக்கள் வேர்க்கடலை தின்றார்கள். மூன்றாம் பகுதி தொடங்கியது. வேல் என்ற சொல் கேட்டது. அரோகரா கேட்டது. விரத உடையில் ஒருவர் வெறுங்காலோடு நின்று உச்சக் குரலில் பாடிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரு பெண்மணி செருப்பைக் கழற்றினார். அடுத்தவர் கழற்றினார். கூட்டம் கைகூப்பி அரோகரா என்றது. சந்தையில் பழம் விற்பவர் ஒருவர் ஓடிவந்து ஸ்பீக்கருக்கு முன்னால் தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றினார். தட்டில் சுடர் எழுந்து தன்னை நோக்கி வந்ததும் சதாசிவன் அவர்கள் பாட்டை நிறுத்தினார். விரதத்தில் இருப்பவர் தீபத்துக்கு முன்னால் வேறென்ன செய்வார்? கிட்டாரிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டார். தண்ணீர் இல்லை என்ற வரியோடு பாட்டு முடிந்துபோயிற்று. இவ்வளவு மரியாதையாக எந்த மெட்டல் குழுவும் நிறுத்தப்பட்டிருக்காது.

நான் அவரிடம் போய், கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடியது, இதைவிட என்ன வேண்டும் என்றேன்.

"என் சிப்பாய்ங்களைச் சாமி ஆக்கிட்டாங்க மிஸ்யே" என்றார். "சாமிகிட்ட போய் யாராவது பேரு கேப்பாங்களா?"

சொற்களை மாற்றிவிடலாம் என்றேன். வேல் வேண்டாம், அரோகரா வேண்டாம். அவர் தலையை அசைத்தார். "நம்மகிட்ட இருக்குற தமிழே இதுதான். இதையும் எடுத்துட்டா அவங்க எந்தப் பாஷையில நடப்பாங்க?"

அதன் பிறகு மேடை கிடைக்கவில்லை. ஹோட்டல்கள் பெருகின, எல்லாவற்றிலும் சேகா போதுமானதாக இருந்தது. குழு ஜெனரேட்டர் அறையிலேயே இருந்தது. நான் அவ்வப்போது போய்க் கேட்பேன். எனக்குக் கதை தெரியும் என்பதால் நான் கணக்கில் சேரவில்லை.

புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வக்குவாவில் வழக்கம்போல மழை. வாசலில் தார்ப்பாய் கட்டி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆலைப் பெண்கள், கோயில்காரர்கள், அக்கம்பக்கத்தார். முன்னறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அவருடைய மனைவி தேவி, மிஷேலிடம், "அவரு பாடி வச்ச கேசட்டைப் போடுங்க. சும்மா இருந்தா அவருக்குப் பிடிக்காது" என்றார். மிஷேல் ஒலியைக் குறைத்து வைத்தார். முதல் இரண்டு பகுதிகள் போயின. மூன்றாம் பகுதி வந்தது. அதை நிறுத்த அங்கே யாருக்கும் ஒரு காரணமும் இருக்கவில்லை. முடியும்வரை ஓடி, நாடா சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

தேவி என் பக்கம் திரும்பினார். "மிஸ்யே, இத்தனை வருஷமா இதைச் சாமி பாட்டுன்னு நெனச்சேன். தண்ணி இல்லன்னு வருதே. சாமிக்கு எதுக்குத் தண்ணி இல்லாமப் போகுது?"

"சாமி இல்லை. சிப்பாய்கள். மதராஸிலிருந்து கப்பலில் வந்தவர்கள். வடக்கே இறங்கி நடந்தார்கள்."

"தமிழ்க்காரங்களா?"

"தமிழர்களும் இருந்தார்கள்."

"தண்ணி கெடச்சுதா?"

"பிறகு கிடைத்தது. எல்லோருக்கும் இல்லை."

"அவங்க பேரு என்ன?"

"தெரியாது."

"ஒருத்தரு பேருகூடவா?"

"ஒருவர் பெயர்கூட."

தேவி பக்கத்தில் இருந்த தங்கையிடம் கிரியோலில் இதைச் சொன்னார். தங்கை வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஆலைப் பெண்களிடம் சொன்னார். தார்ப்பாயில் மழை விழும் சத்தத்துக்குக் கீழே அது நாற்காலி நாற்காலியாகப் போயிற்று. யாரு, மதராஸ்காரங்களா, பேரு என்ன, தெரியாதாம். கடைசி வரிசையில் ஒரு முதியவர் காதில் கைவைத்து, இன்னொரு முறை சொல்லும்படி கேட்டார். அவருக்கு மறுபடியும் சொன்னார்கள்.

நான் முன்னறையில் சதாசிவன் அவர்களைப் பார்த்தபடி நின்றேன்.

கேட்டுவிட்டார்கள், சதா. இனி நீங்கள் நடக்கலாம்.