நாயின் கட்டிக்கு எழுதிய பதினாறு அளவுகள்

2-3-1967 தேதியிட்ட ஆங்கிலக் கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கால்நடை நோய்களை ஆராயும் ஓர் ஆய்வுக்கூடம் சென்னையிலிருந்து எழுதியது. எங்கள் நாயின் மடிக்காம்புக்குப் பக்கத்திலிருந்து எடுத்து அனுப்பிய கட்டி புற்றுதான் என்றும், ஓரங்களில் நோய் மிஞ்சவில்லை என்றும் முதலில் சொல்கிறது. பிறகு ஒரு வாக்கியம்: "தங்கள் அளவுக் குறிப்பில் கடைசிப் பதிவு முப்பது மில்லிமீட்டர், எங்களுக்கு வந்த கட்டியோ பதினாறு, சரிபார்த்துத் தெரிவிக்கவும்."

இந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. அதே நோயில் என் மனைவி 11-2-1968 அன்று இறந்துபோனாள்.

நான் அப்போது காரைக்குடியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. சொந்த ஊரில் கொஞ்சம் நிலம் குத்தகையில் இருந்தது. மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் நாங்கள் இருவரும், தானாக வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பெட்டை நாயும். அதற்குப் பெயர் வைக்கவில்லை. என் மனைவி "ஏ புள்ள" என்பாள், வந்துவிடும்.

1966 ஜூன் முதல் வாரத்தில் நாயின் அடிவயிற்றில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் சென்னையில் படித்துவிட்டு வந்த இளைஞர். மாடுகளுக்கு நடுவில் ஒரு நாயைப் பார்த்ததில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

"இது நம்ம வீட்டுத் தண்ணியக் குடிக்குது, நம்ம சோத்தத் திங்குது சார். மனுசருக்கு வர்ற கட்டி மாதிரியே இதுக்கும் வருது. இதுக்கு வயசு வேகமா ஓடுறதால, அங்க பத்து வருசத்துல தெரியறது இங்க ரெண்டு வருசத்துல தெரிஞ்சிரும். எப்படி வளருதுன்னு எழுதி வைங்க. மெட்ராஸ்ல இதைத்தான் கேக்குறாங்க."

எழுதி வைக்கச் சொன்னால் எனக்கு வேறென்ன வேண்டும்! அன்றே நோட்டுத் தைத்துக் கோடு போட்டேன். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அளப்பது என்று முடிவு. ஸ்கேலைக் கண்டால் நாய் துள்ளியது. அதனால் விரலால் தடவி, இன்ன கொட்டை, இன்ன காய் அளவு என்று கண்டுகொண்டு, பிறகு அந்தக் கொட்டையை ஸ்கேலில் வைத்து மில்லிமீட்டர் எழுதுவேன். ஜூன் 12 முதல் ஜூலை 24 வரை நான்கு பதிவுகள். நான்கும் புளியங்கொட்டை.

டாக்டர் கொடுத்த படிவம் ஒன்றும் இருந்தது. நாயின் வயது, தீனி, ஈன்ற குட்டிகள் என்று இருபதுக்கு மேல் கேள்விகள். கடைசியில், "வீட்டில் மனிதர் யாருக்கேனும் கட்டி உண்டா?" அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். "இல்லை" என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 7 அன்று நாய் என் மணிக்கட்டைக் கவ்விவிட்டது.

"ஒங்க கைக்கு அது அடங்காது. அங்குட்டு உக்காந்து எழுதுங்க. நான் பாத்துச் சொல்றேன்" என்றாள் என் மனைவி.

அதன்பின் அவள் சொல்ல நான் எழுதினேன். அவள் மடியில் நாய் மல்லாந்து கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன மதினி, நாய்க்கு நாடி பாக்குறீகளா? அண்ணன் மருந்துச்சீட்டு எழுதுறாகளாக்கும்?" என்பாள்.

"ஒங்க அண்ணனுக்கு எழுதலேன்னா கை நமைக்கும்த்தா. நாய் இல்லேன்னா ஒன்னையப் பிடிச்சு வச்சு எழுதுவாக" என்று இவள் சிரிப்பாள்.

செப்டம்பர் 18: கொட்டைப்பாக்கு. நவம்பர் 13: சின்ன நெல்லிக்காய். இடையில் அக்டோபர் 16 அன்று நாய் வீட்டிலேயே இல்லை. அறைக்கதவை ஒருக்களித்து உள்ளே சேலை மாற்றிக்கொண்டிருந்தவள், "காலையிலயே பாத்துட்டேன், கொஞ்சம் பெருத்திருக்கு, போட்டுக்கங்க" என்றாள். போட்டுக்கொண்டேன்.

கட்டி வளர்வதைப் பார்த்த டாக்டர், கார்த்திகை மழை முடிந்ததும் வெட்டிவிடுவோம் என்றார். 1967 ஜனவரி 8-ஆம் தேதி, பதினாறாவது பதிவு: பெரிய நெல்லிக்காய், முப்பது மில்லிமீட்டர். ஜனவரி 18 அன்று வெட்டினார். அவளும் கூட வந்திருந்தாள். டாக்டர் கட்டியைத் தட்டில் வைத்து, "என்ன சார், நெல்லிக்காய்னு எழுதியிருக்கீங்க? இது புளியங்கொட்டைக்குச் சித்த கூட, அவ்வளவுதானே?" என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுத்தியிருந்த கொழுப்பையும் சேத்துச் சொல்லிட்டேன் போல" என்றாள். பிறகு, "இது பொழைச்சிருமா டாக்டரையா?"

"ஆறு மாசம் வேற எங்கயும் தலகாட்டலேன்னா பொழைச்ச மாதிரிதாம்மா."

கட்டியோடு நோட்டின் நகலையும் டாக்டர் சென்னைக்கு அனுப்பினார். மார்ச்சில் அங்கிருந்து கடிதம் வந்தபோது, வெட்டிய கட்டி சுருங்காமலா இருக்கும், மருந்துத் தண்ணீரில் ஊறிப் போயிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மடித்து வைத்தேன். அந்த ஆறு மாதமும் அவள் தினமும் காலையில் நாயைப் புரட்டித் தையல் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தாள். நாய் மேலுள்ள பிரியம் என்று நினைத்தேன்.

ஜூலை 18 அன்று அலுவலகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றுகிறேன். காப்பியை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"அது பொழைச்சிருச்சுல்ல. எனக்கும் ஒண்ணு இருக்கு. அறுத்துருவமா?"

சரியாக ஆறு மாதம். தேதி பார்க்கிற பழக்கம் வீட்டில் எனக்கு மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன். இருபத்தேழு வருஷத் தாம்பத்தியத்தில் நாங்கள் ஒருவரையொருவர் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டதில்லை. ஆண் டாக்டர் முன்னால் ரவிக்கையை அவிழ்ப்பதை எங்கள் பக்கத்துப் பெண்கள் சாவைவிடப் பெரிதாக நினைத்த காலம். நாய்க்கு அந்த வெட்கம் இல்லை. அதை முன்னே அனுப்பிவிட்டுக் காத்திருந்திருக்கிறாள்.

மதுரையில் பெரிய டாக்டர் கேட்டார்: "எத்தனை நாளா இருக்கு? எப்படி வளந்துச்சு?"

"கவனிக்கலைங்க" என்றாள்.

நோட்டு என் பைக்குள் இருந்தது. ஏன் எடுத்துப் போனேன் என்று எனக்கே தெரியாது. டாக்டர் என்னை வெளியே அழைத்து, கட்டி அக்குளுக்கும் பரவிவிட்டது, ஒரு வருஷம் முந்தி வந்திருந்தால் வேறு பேச்சு என்றார். ஒரு வருஷம் முந்தி, 1966 ஜூலையில், நான் புளியங்கொட்டையை ஸ்கேலில் வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

வார்டில் ஒருநாள் நோட்டை அவள் கையில் கொடுத்து, "இதுல இருக்கதெல்லாம் நாயோடதுதானா?" என்று கேட்டேன். வாங்கித் தாளைப் புரட்டினாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்.

"நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, மூடிக் கொடுத்துவிட்டாள். மறுபடி நான் கேட்கவில்லை.

நாய் 1971 மே மாதம் வரை இருந்தது. வயதாகித்தான் செத்தது. கட்டி திரும்ப வரவேயில்லை. அவள் போன பிறகு "ஏ புள்ள" என்று நான் கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கும், எழுந்து வராது.

இப்போது 1976. சென்னைக்கு எழுத வேண்டிய பதில் இதுதான். முதல் நான்கு பதிவுகள் நாயின் கட்டிக்கு உரியவை. என் விரலால் தொட்டுப் பார்த்து எழுதியவை. ஐந்து முதல் பதினாறு வரை உள்ளவை யாருடைய கட்டிக்கு உரியவை என்பது சரிபார்க்கப்படவில்லை.