பெஞ்சில் உட்கார ஒரு வண்டி

எழுதுவது என் தொழில் இல்லை. பிளஸ் டூ கணக்கில் தவறி, அதோடு புத்தகத்தை மூடியவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே யோசிக்கிற ஆள், நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத உட்கார்ந்திருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போன வாரம் மதுரை வில்லாபுரத்தில் ஒரு சந்து வழியாக நடந்து வந்தபோது, ஒருவர் வாசலில் பைக்கை நிறுத்திச் செயினுக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெயும் மெழுகும் கலந்தது போன்ற வாசனை. என்னை அறியாமல் நின்றுவிட்டேன். "என்ன சார் வேணும்?" என்று நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். வீடு வந்த பிறகும் வாசனை மூக்கைவிட்டுப் போகவில்லை.

எனக்கும் அப்படி ஒரு வண்டி இருந்தது. முன்னால் குனிந்து, டேங்க்கின் மேல் படுத்த மாதிரி ஓட்டுகிற பந்தய வண்டி. நல்ல சிவப்பு. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். தெரிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை என்பது வேறு விஷயம்.

நான் சுங்கடிச் சேலை மொத்தக் கடையில் வேலை பார்க்கிறேன். வியாபாரிகள் விரித்துப் பார்த்த சேலைகளைத் திரும்ப மடித்துக் கட்டுவது என் வேலை. அதற்குப் பேச்சு தேவைப்படாது. வீட்டில் அம்மா இருந்தவரை சாயங்காலமானால் எங்கள் சௌராஷ்டிர பாஷையில் இரண்டு வார்த்தை பேசுவேன். அம்மா போன பிறகு அதுவும் நின்றுபோனது. சில நாள் சாமி படத்துக்கு விளக்கேற்றும்போதுதான், இன்று முழுக்க வாயே திறக்கவில்லை என்பது ஞாபகம் வரும்.

அந்தச் சமயத்தில் என் பழைய மொபெட் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஒத்தக்கடையில் யாரோ ஸ்கூட்டர் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஸ்கூட்டர் முதல் நாளே விற்றுப்போயிருந்தது. வீட்டுக்காரத் தம்பி, சென்னைக்கு வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தவர், பக்கத்தில் மூடியிருந்த தார்ப்பாயை உருவினார்.

"அண்ணே, சும்மா உக்காந்து மட்டும் பாருங்க."

உட்கார்ந்தேன். கால் பெருவிரல் மட்டும் தரையைத் தொட்டது.

"உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குண்ணே."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். எப்படிச் சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் சாவி என் கையில் இருந்தது. ஊருக்குள் நுழையும்போதே செயின் கறகறத்தது. முன் சக்கரத்தின் மேலிருந்து எண்ணெய் கசிந்து பேண்ட் நனைந்தது. வில்லாபுரம் வந்ததும் வண்டி அணைந்துபோனது. தள்ளிக்கொண்டு வந்தபோது கண்ணில் பட்ட முதல் ஷெட் மெக்கானிக் பாண்டியுடையது.

தகரக் கூரை, ஒரு ஸ்டாண்டு, வாசலில் நீளமான மர பெஞ்சு. பக்கத்துக் கடையில் சீட் கவர் தைக்கிற ரபீக் பாய் பாதி நேரம் அந்த பெஞ்சில்தான் இருப்பார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாருடைய வண்டி ஸ்டாண்டில் நிற்கிறதோ அவர்தான் எல்லோருக்கும் டீ சொல்ல வேண்டும். டீ சொல்கிறவருக்கு பெஞ்சின் நடு இடம்.

"உக்காருங்க தம்பி, இன்னைக்கு நீங்கதான் மாப்பிள்ளை" என்று பாய் நகர்ந்துகொண்டார்.

உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து எத்தனை காலம் ஆகியிருந்தது!

செயின் மாற்றினோம். முன் ஃபோர்க்கில் ஆயில் சீல் மாற்றினோம். சாமான் வர ஒரு வாரம் ஆகும் என்று பாண்டி சங்கடத்தோடு சொல்வார். எனக்கு உள்ளுக்குள் இனிக்கும். ஞாயிறு காலை சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போவேன். கிரீஸ் படும் இடத்துக்கு யாராவது அப்படிப் போவார்களா? ஜல்லிக்கட்டுக் காளை, மழை, மகள் கல்யாணம் என்று பேச்சு ஓடும். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். "தம்பி பேசமாட்டாரு. ஆனா அவரு வரலைன்னா நமக்கும் பேச்சு வரமாட்டேங்குது மாப்ள" என்று பாய் ஒருநாள் பாண்டியிடம் சொன்னார். அதை வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்.

ரிப்பேர் எல்லாம் முடிந்ததும் பயம் வந்துவிட்டது. வண்டி சரியாகிவிட்டால் எந்தக் காரணத்தைச் சொல்லிப் போவது? புது டயர் கேட்டேன். வெளிச்சமான லைட் கேட்டேன். இடுப்பு வலிக்கு ஹேண்டில்பாரை உயர்த்தச் சொன்னேன். கடைசியில் பாண்டி ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அண்ணே, இதுக்கு மேல மாட்டணும்னா ரெக்கதான் மாட்டணும். ஆயுத பூஜை முடிஞ்ச ஞாயித்துக்கெழம கடையப் பூட்டிட்டு அலங்காநல்லூர் பக்கம் டேமுக்குப் போறோம். சாப்பாடு அங்கதான். வாரீகள்ல?"

"வாரேன்" என்றேன். யோசிக்காமல் நான் சொன்ன வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

ஆயுத பூஜைக்கு எங்கள் கடையில் கத்தரிக்கோலையும் இரும்பு அளவுகோலையும் எண்ணெய் தொட்டுத் துடைத்துச் சந்தனம் வைப்போம். வருஷாவருஷம் அந்த வேலை என்னுடையது. இரும்பென்றால் எண்ணெய் வைத்துத் துடைக்க வேண்டும் என்று கை பழகிப்போயிருந்தது. வண்டியைக் கழுவினேன். முன் சக்கரத்தில் தட்டுப் போல இருந்த டிஸ்க் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டு, முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்தேன். சந்தனம், குங்குமம் வைத்தேன். மொபெட் ஓட்டியவனுக்கு, பிரேக் பிடிக்கிற இடமே அந்தத் தட்டுதான் என்று எப்படித் தெரியும்?

ஞாயிறு காலை ஊருக்குள் மெதுவாகத்தான் போனோம். பழக்கத்தில் பின் பிரேக்கை மட்டும் மிதித்தேன். அலங்காநல்லூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி கேட்கவே இல்லை. ரோட்டைவிட்டு இறங்கி, நேராகக் கரும்புத் தோட்டத்துக்குள் போய்ச் சாய்ந்தேன். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

எல்லோரும் ஓடிவந்தார்கள். பாண்டி டிஸ்க்கை விரலால் தடவி மோந்து பார்த்தார்.

"என்னண்ணே, தாளிச்சு வச்சிருக்கீக?"

"தீபாவளிக்கு முன்னாடியே எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டிட்டாரு மாப்ள" என்றார் பாய்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கரும்புச் சோகைமேல் உட்கார்ந்தபடி சிரித்தேன். "பிரேக் பேடு எண்ணெய குடிச்சிருச்சு. வண்டி திரும்ப ஸ்டாண்டுக்குத்தான்" என்றார் பாண்டி. வருத்தமான முகத்தை வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன்.

அப்போது பாய் செல்லை எடுத்தார். "தம்பி, வீட்டுல ஆருக்குச் சொல்லணும்? நம்பர் சொல்லுங்க."

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். யாரும் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "வேண்டாம் பாய், பயந்துருவாங்க" என்றேன்.

பாயின் முகம் மாறிவிட்டது. "அப்ப நீங்க மொதல்ல வீட்டுக்குப் போங்க. வேற யாராச்சும் பாத்துட்டுப் போயி, விழுந்துட்டாருன்னு சொல்லிட்டா வீட்டுல பதறிப்போவாக."

"ஆமாண்ணே, டேம் எங்க போயிறப் போகுது? வண்டிய நான் வேன்ல ஏத்தி விட்டுர்றேன்" என்றார் பாண்டி.

நானும் வருகிறேன், பசிக்கிறது, வீட்டில் யாரும் இல்லை. மூன்றில் எதையாவது சொல்லியிருக்கலாம். பஸ்ஸை நிறுத்தி, எனக்கு சீட் கேட்டு வாங்கி உட்கார வைத்துவிட்டுத்தான் இறங்கினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லா வண்டிகளும் வரிசையாக டேம் பக்கம் திரும்பின. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து, காயத்துக்கு மஞ்சள் வைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த ஷெட் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது இடித்துவிட்டார்கள். பாண்டி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். பாய், மகள் வீட்டோடு திண்டுக்கல்லில் இருப்பதாகக் கேள்வி. சிவப்பு வண்டியையும் விற்றுவிட்டேன். இப்போது வைத்திருக்கிற ஸ்கூட்டரைச் சர்வீசுக்குக் கம்பெனிக்காரர்களே வந்து எடுத்துப் போகிறார்கள், அவர்களே கொண்டுவந்து விடுகிறார்கள். இடையில் செல்லுக்கு ஒரு மெசேஜ் வரும்.

கரும்புத் தோட்டத்தில் விழுந்ததற்கு மறுநாள் காலை, கடைக்குக் கிளம்பும்போது பாண்டி போன் செய்தார். பேடு மாற்ற அரை மணி நேரம்தான் ஆனதாம், வண்டி தயார் என்றார். போய் எடுத்துக்கொண்டு, பெஞ்சில் உட்காராமலே கடைக்குப் போனேன்.