பிளைண்ட்ஸ்காரர் வீட்டு ஜன்னல்

ஊரார் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் பிளைண்ட்ஸ் என்கிற பட்டைத் திரை மாட்டுகிறவர் வீட்டில், படுக்கையறை ஜன்னல் மட்டும் வெயிலுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்த அறையில் பகலில் தூங்க வேண்டியவளுக்கு எங்கே சிரிப்பு வரும்? எரிச்சல்தான் வரும்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். காலையில் வீடு திரும்பிக் குளித்துப் படுத்தால் சாயங்காலம் வரை தூங்கியாக வேண்டும். இரண்டு மாதமாக அந்தத் தூக்கம் இல்லை. பிளைண்ட்ஸின் பட்டைகள் எல்லாம் படுத்த வாக்கிலேயே நின்றுவிட்டன, மூடுவேனா என்றன. இடுக்கு வழியே வெயில் வரிவரியாக வந்து சரியாகக் கண்ணில்தான் விழும். போர்வையைக் கட்டித் தொங்கவிட்டாள். அது அவிழ்ந்து மூஞ்சியில் விழுந்தது. முந்தின ராத்திரி, ஒருவருக்குப் போட வேண்டிய ஊசியைப் பக்கத்துக் கட்டில்காரருக்குப் போடப் போய்விட்டாள். கூட இருந்த நர்ஸ் கையைப் பிடித்துத் தடுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

புருஷனிடம் சொல்லாமலா இருந்தாள்? சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"என்னங்க, அந்த பிளைண்ட்ஸ் மூடவே மாட்டேங்குது."

"கயிறு நைஞ்சிருக்கும். பாத்துக்கலாம்."

எட்டிக்கூடப் பார்க்காமல் சொன்ன பதில். அடுத்த வாரம் புதுக் கயிறு போட்டார். கயிறு, பிளைண்ட்ஸை ஏற்றி இறக்க. அதுதான் முன்பே ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்ததே! விளக்கப் போனவளை, "தொழில்காரன்கிட்டயே சொல்றா பாரு" என்று அடக்கினார். மறுபடி நச்சரித்ததில் ஒரு கம்பியைக் கொண்டுவந்து மாட்டினார். பட்டைகளைச் சாய்ப்பதற்காக ஓரத்தில் தொங்குமே, திருகுகிற கம்பி, அது. புதுக் கம்பி வழவழவென்று சுற்றியது. பட்டைகள் அசையக்கூட இல்லை. அதற்குள் எவரோ போன் செய்ய, "வந்து பாக்குறேன்" என்று கிளம்பினவர்தான்.

அன்று காலை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் வேலை செய்யும் கடைக்கே போன் போட்டாள். வாடிக்கைக்காரர்போலப் புகார் கொடுத்தால், போன் எடுக்கும் பெண் எழுதிக்கொண்டு யாரையாவது அனுப்பிவைப்பாள் என்று கணக்கு.

"வணக்கம், சொல்லுங்கம்மா."

எடுத்தது அந்தப் பெண் இல்லை. சாட்சாத் அவரேதான். பின்னால் யாரோ துளை போடுகிற இரைச்சல். குரல் அவருக்குப் பிடிபடவில்லை. வைத்துவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் அந்தக் குழைவு! வீட்டில் அதைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று!

"பிளைண்ட்ஸ் மூடலைங்க" என்றாள்.

"பதறாதீங்கம்மா, ஒண்ணொண்ணாப் பாப்போம். கயித்த இழுத்தா ஏறுதா?"

"ஏறுது."

"அப்ப கயிறு நல்லாருக்கு. ஓரத்துல இருக்குற கம்பியத் திருகுங்க. சுத்துதா?"

"நல்லாவே சுத்துது. பட்டைதான் திரும்பல."

"பட்டைங்கள வரிசையாத் தாங்குற சின்ன நூல் எங்கயாச்சும் அறுந்திருக்கா? மெதுவாப் பாருங்க, அவசரமே இல்ல."

அவசரமே இல்லையாம்!

"ஒண்ணும் அறுந்துபோகல."

"அப்ப கோளாறு மேல இருக்குற பெட்டிக்குள்ள. கம்பி சுத்துறதப் பட்டைக்குக் கொண்டுபோற பல்சக்கரம் தேஞ்சிருக்கும். சின்ன சாமான்தான், பத்து நிமிஷ வேலை. எந்த ரூம்மா?"

பத்து நிமிஷ வேலை. இதற்கா இரண்டு மாதம்!

"படுக்கிற ரூம். எனக்கு ராத்திரி வேலை. பகல்லதான் தூங்கணும்."

"அடப்பாவமே! இத்தனை நாள் எப்படிம்மா சமாளிச்சீங்க? வீட்டுக்காரர் ஒண்ணும் பாக்கலையா?"

"அவருக்கு நேரமில்லைங்க."

"நல்ல மனுஷன்தான் போங்க! பொண்டாட்டி தூங்காமக் கிடக்கிறா, இதுக்கு நேரமில்லையாமா? நீங்க அட்ரஸச் சொல்லுங்க, இன்னைக்கே ஆள் அனுப்புறேன்."

அவள் கதவு எண்ணைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள். திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டே வந்தவர் தெருப் பெயரில் பாதியோடு நின்றார். துளை போடுகிறவன்கூட நிறுத்திவிட்டான்.

"ஏய்… நீயா?" என்றார். சமாளிக்கப் பார்த்தார். "இத நேரா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அதுவரை அடக்கிவைத்த அழுகை உடைந்தது. கோபமும் கூடவே வந்தது.

"நேராத்தாங்க சொன்னேன். ரெண்டு மாசமா! நேத்து ராத்திரி தூக்கக் கலக்கத்துல ஊசியை மாத்திப் போட்டு ஒரு ஆளக் கொன்னிருப்பேன். தெரியுமா உங்களுக்கு?"

அவருக்குத் தெரியாது.

"இப்பவே வர்றேன்" என்றார், சின்னக் குரலில்.

"வாங்க. வந்து மாட்டிட்டுப் போங்க. ஒண்ணும் பேச மட்டும் வேணாம். நான் தூங்கணும்."