ஆறாவது குழி

பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கு முன்னே போகும் அஞ்சடி நடைபாதையில், கண்ணாடி மூடிய பெட்டியோடு உட்கார்ந்து காசு விற்கும் தம்புசாமியைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் உண்டு. காசு கொடுத்துக் காசு வாங்குகிறவனை வேறென்ன சொல்வது? அதுவும் புரூஃப் காசு. கடையில் செல்லட்டும் என்று அடித்ததல்ல; முகம் பார்க்கும் பளபளப்போடு, சேகரிக்கிறவர்களுக்கென்றே சீமையில் தனியாக அடித்தது.

ஊருக்குக் கப்பலேறும் துரைமார் வீட்டு ஏலத்தில் ஒன்று, துறைமுகத்து மாலுமியிடம் ஒன்று என்று உதிரியாகவே வாங்கி, 1927-ஆம் வருஷத்து வெள்ளிக் காசு, பெரிய கிரவுன் முதல் சின்ன மூணு பென்ஸ் வரை, ஆறையும் சேர்த்துவிட்டான். அவை உட்காரும் தோல் பெட்டியும் காலியாக ஓர் ஏலத்தில் அகப்பட்டது. உதிரியாக விற்றால் அரிசி பருப்புக்கு ஆகும். ஆறும் பெட்டியோடு போனால் ஒரு கடைக்கே முன்பணம் ஆகும். கிள்ளான் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி அம்புரோஸ் முழு செட்டாக எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். பக்கத்துச் சந்தில் காலியான கடையை, அதன் சொந்தக்காரரான சீனத் தவுக்கே அன்று மாலை வரைதான் இவனுக்காக நிறுத்தி வைத்திருந்தார்.

அன்று காலை கிள்ளானுக்குப் புறப்படுகிற நேரத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தான். ஆறாவது குழியில், மூணு பென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில், இந்த ஊர் அஞ்சு சென்டு.

"வீரம்மா!"

அவன் மனைவி வீரம்மா, காய்ச்சலில் கிடந்த மகள் சீதாலெட்சுமியின் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"நான்தாங்க எடுத்தேன். புள்ளைக்குத் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. மாரியாத்தாளுக்குக் காசு முடிஞ்சு வச்சிட்டேன். இருந்ததிலேயே சின்னதாப் பாத்துத்தான் எடுத்தேன்."

சின்னதாம்! "அதுக்கு இந்த அஞ்சு சென்டையே முடிஞ்சிருக்கலாமே?"

"கள்ளுக்கடை, கறிக்கடைன்னு சுத்தி வந்த காசு. ஆத்தாளுக்கு வைக்க மனசு வரலங்க. அந்தச் சின்னக் காசுதான் ஒருத்தர் கையும் படாம இருந்துச்சு."

சாமி படத்தடியில் மஞ்சள் முடிச்சு இருந்தது. மஞ்சள் ஈரம் பட்டால் பளபளப்புக் கெட்டுவிடும்; நல்லவேளை, துணி காய்ந்துதான் கிடந்தது. காசுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவன் கை அதை நோக்கி நீண்டது.

"வேற காசு வச்சு முடிஞ்சுக்கலாம். சாமிக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"உங்க கிராணியாரு அந்தக் குழியில வேற காசு வச்சா வாங்கிப்பாரா?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். கோபம் தலைக்கேறியது, அவள் மேலா, காய்ச்சல் மேலா என்று அவனுக்கே தெரியவில்லை. முடிச்சைத் தொடாமல், ஐந்தோடு ரயிலேறினான். கிள்ளான் வருவதற்குள் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது.

அம்புரோஸ் பெட்டியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அஞ்சை வச்சிக்கிட்டு நான் என்னப்பா பண்றது? பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு லா. செட்டு வேணாம். அந்தப் பெரிய கிரவுனை மட்டும் குடு, நல்ல விலை தரேன்."

மூணு பென்ஸ் இன்னொன்று என்றைக்காவது ஏலத்தில் வரும். கிரவுனுக்கு எல்லாரும் அலைகிறார்கள்; போனால் போனதுதான். அதன்பின் செட்டு என்ற பேச்சே கிடையாது.

"இல்லீங்க ஐயா, பிரிச்சுக் குடுக்க மாட்டேன்" என்று பெட்டியை மூடிக்கொண்டு எழுந்துவிட்டான்.

திரும்பி வந்து தவுக்கேயைப் பார்த்தான். முன்பணமில்லாமல் முடியாது என்று அவர் கையை விரித்தார். மாலையானதும் கடைச் சாவியைத் தையற்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அதைப் பார்த்தும் தம்புசாமிக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. காலையில் முடிச்சுப் பக்கம் கை நீட்டினோமே, அதற்காகப் பிள்ளைக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்ற பயம்தான் வழியெல்லாம் அவனைப் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குள் நுழைந்ததும் மகளின் நெற்றியில் கை வைத்தான். கொதித்தது.

"விடவே மாட்டேங்குதுங்க" என்ற வீரம்மா அழுதேவிட்டாள்.

அவன் பெட்டியைத் திறந்து, கிரவுனைப் பெயர்த்தெடுத்து அவளிடம் நீட்டினான்.

"மஞ்சத் துணி இன்னும் இருக்கா? இதையும் முடி."

"உங்க செட்டுங்க..."

"முடி, வீரம்மா."