சோற்றைத் தீய்த்த காதர்

கமுதிச் சந்தையில் மிளகாய் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. காதரின் மகள். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாக. அஸர் தொழுதுட்டு அடக்கம். வந்துருவீகளா?" என்றாள். இது என்ன கேள்வி? மூட்டையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பஸ் ஏறினேன். ராமநாதபுரத்தில் வண்டி மாறும்வரை அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்ப இவனுக்கு யார் லீவு கொடுத்தது?

பட்டாளத்துக் கூட்டாளிகளே, நம் சங்க மலருக்கு அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னீர்கள். நல்ல வார்த்தை எழுத வேறு ஆள் பாருங்கள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

காதர் கடற்கரைக்காரன். அவன் வீட்டில் எல்லோரும் துபாய்க்குப் போக, இவன் மட்டும் பட்டாளத்துச் சமையல்காரனாக நம் லங்கர் அடுப்படிக்கு வந்து சேர்ந்தான். ஏன்டா இப்படி என்று கேட்டால், "அங்கன போனா கட்டடத்துல கல்லு தூக்கணும் மாப்ளே. எனக்குக் கரண்டிதான் தூக்க வரும்" என்பான். எந்நேரமும் சிரிக்கிறவன், சோற்றில் குறை சொன்னால் மட்டும் முகம் சுண்டிப்போவான். பருப்பில் உப்பு தூக்கல் என்று நான் ஒருமுறை விளையாட்டுக்குச் சொல்லிவிட்டு, அவனைப் பேச வைப்பதற்குள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் நம்மை இலங்கைக்கு அனுப்பினார்கள். போன புதிதில் மாலை போட்ட சனம், சில மாதத்தில் நம்மைக் கண்டால் கதவைச் சாத்தியது. சோதனைச் சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கிய ஒரு டீச்சரம்மா என் முகத்தைப் பார்த்து, "நீங்களும் தமிழ்ப் பிள்ளையள்தானே தம்பி, ஏன் இஞ்ச வந்தனீங்கள்?" என்று கேட்டார். வடக்கத்திப் பையன்களுக்கு அது புரியவில்லை, நிம்மதியாக இருந்தார்கள். நமக்கு எல்லாம் புரிந்து தொலைத்தது. ஊரிலிருந்து என் அய்யா எழுதினார்: "உனக்கு அங்கே என்ன வேலை என்று டீக்கடையில் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல?" எனக்கே தெரிந்தால்தானே அவருக்குச் சொல்ல! கடலைத் தாண்டினால் ராமேஸ்வரம், அங்கிருந்து வீட்டுக்கு பஸ். இத்தனை பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, யாருக்காக இங்கே கிடக்கிறோம் என்று தெரியாமல் கிடந்தோம். துப்பாக்கியைத் துடைக்கக்கூட யாருக்கும் மனசில்லை.

அந்தச் சமயத்தில்தான் நம் செக்‌ஷனில் ஒருவன் கண்ணிவெடியில் போனான். உடலோடு ஊருக்குப் போய்வர ஒருவனுக்காவது லீவு கொடுங்கள் என்று கேட்டோம். முடியாது என்று பதில் வந்தது. மறுநாள் மதியம் தட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டோம். சோறு வேண்டாம். யார் முதலில் கவிழ்த்தது என்று இன்று கேட்டுப் பயனில்லை, எல்லோரும்தான் கவிழ்த்தோம்.

வெளியாட்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பட்டாளத்தில் பத்துப் பேர் கூடிச் சோறு வேண்டாம் என்றால் அதற்குப் பெயர் கலகம். கோர்ட் மார்ஷல், ஜெயில், வேலையும் போகும், பென்ஷனும் போகும். அன்றைக்கென்று பார்த்து மேஜர் சாப் ரவுண்டு வருகிறார் என்று வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது.

காதர் கரண்டியோடு ஓடிவந்தான். "ஏலே கிறுக்குப் பயலுகளா, தட்டை எடுங்கலே! ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிங்க, உங்க காலுல விழுறேன்" என்று கெஞ்சினான். ஒருவனும் அசையவில்லை. என்னைப் பார்த்து, "மாப்ளே, நீயுமா?" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஜீப் வந்து நின்றது. மேஜர் முதலில் பதுங்குகுழிகளைப் பார்க்கப் போனார். காதர் விறுவிறுவென்று லங்கருக்குள் போனான்.

கொஞ்ச நேரத்தில் குபீரென்று தீய்ந்த வாடை. வடித்து வைத்த சோற்றையும் பருப்பையும் திரும்ப அடுப்பில் ஏற்றி, பர்னரை முழுக்கத் திறந்துவிட்டிருந்தான், பாவி! மேஜர் வந்து, ஏன் யாரும் சாப்பிடவில்லை என்று கேட்டார். காதர் விறைப்பாக சல்யூட் அடித்தான். "சோறு தீஞ்சுபோச்சு சாப். அசந்துட்டேன். தப்பு என்னுது. இவங்க சாப்பிடத்தான் உக்காந்திருக்காங்க." மேஜர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு இருமிக்கொண்டே வெளியே வந்தார்.

அவனுக்கு வரவேண்டிய பதவி உயர்வு அன்றோடு போயிற்று. உச்சி வெயிலில் முதுகில் மூட்டையோடு மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். அவன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நம்மால் உட்கார முடியவில்லை. நான் போய் அண்டாவைச் சுரண்டினேன். பின்னாலேயே எல்லோரும் வந்தீர்கள். கரிக்கட்டை மாதிரி இருந்த சோற்றைக் கண்ணில் தண்ணீர் வரத் தின்றோம். காதர் மூச்சிரைக்க வந்து நின்று நம்மைப் பார்த்தான். "இதைச் சோறா இருக்கையிலேயே தின்னுருந்தா என் முட்டி தப்பிச்சிருக்கும்லே!" என்றான். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் நாம் வாய்விட்டுச் சிரித்தோம்.

சிரிப்பு நமக்கு, கெட்ட பேர் அவனுக்கு. ஊர் திரும்பி அவன் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கும் பண்டாரியானான். பட்டாளத்துக் கதை அவனுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. "தீய்ச்ச காதரா? நம்ம வீட்டுக்கு வேணாம்" என்று பெரிய வீடுகள் ஒதுக்கின. எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று குதித்தேன். "வாயைத் திறந்தே, கொன்னுருவேன். ஒருத்தனுக்குப் பென்ஷன் போனாலும் நான் ஓடுன ஓட்டம் வீண்" என்றான். சின்ன வீட்டுக் கல்யாணங்களுக்கே கடைசிவரை ஆக்கிப் போட்டான்.

அடக்கம் முடிந்து அவன் வீட்டுக்குப் போனோம். மவுத்தான வீட்டில் அடுப்பெரியாது. பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள். நான் தட்டைத் தள்ளினேன். கதவுக்குப் பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. "தள்ளாதீக அண்ணே. நீங்க தட்டைத் தள்ளப் போயித்தானே இவுகளுக்கு அந்தப் பேரு வந்துச்சு."

திடுக்கிட்டேன். "சொல்லிட்டானாம்மா?"

"அவுக எங்க சொன்னாக? இத்தனை வருசம் அவுக ஆக்குனதைத் தின்னவ நான். ஒரு நாள் அடிப்பிடிக்கலை. வேணும்னு தீய்ச்சாத்தான் உண்டு. பட்டாளத்துல கூடிச் சோறு வேணாம்னா ஜெயிலுன்னு பேச்சுவாக்குல ஒருக்க சொல்லிருக்காக. யாரைக் காப்பாத்தன்னு நீங்க வந்து போற போதெல்லாம் உங்க மூஞ்சியைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன்."

அழுதுகொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கெட்ட பேரைத்தான். இத்தனை நாள் அவன் சுமந்தது போதும். பென்ஷனுக்குப் பயப்படுகிறவர்கள் என் ஒருவன் தலையில் போட்டுவிடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடற்கரை ஊரில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிடுங்கள்: அன்றைக்குச் சோற்றைத் தீய்த்தது காதர் இல்லை. நாம்.